எண்பது சென்டி

காலை பத்தேகால். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. தண்ணீர் தெளித்த வாசல் இன்னும் காயவில்லை. சாம்பிராணிப் புகை துணி அடுக்குகளுக்குள் நுழைந்து, கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கிறது.

*

போணி ஆகவில்லை. முதல் ஆளாக உள்ளே வருகிற பெண் ஒரு மீட்டர் லைனிங் கேட்கிறார். கடைக்காரர் விலையைச் சொல்கிறார். இந்த நேரத்தில் அஞ்சு ரூபாய் குறைத்துக் கேட்டாலும் கொடுத்துவிடுவார். அவர் கேட்கவில்லை.

நோட்டு கண்ணில் ஒற்றப்பட்டுக் கல்லாவுக்குள் போகிறது.

*

புதுத் துணியின் வாசனை. கஞ்சி, சாயம், அட்டைப்பெட்டி. சற்று நேரத்தில் மூக்கு அதை மறந்துவிடுகிறது.

*

"என்னக்கா பாக்குறீங்க?"

"சும்மாதான்."

"பாருங்க."

அவ்வளவுதான். கடைப்பெண் நகர்ந்து தன் வேலையைப் பார்க்கப் போகிறாள். தோள்கள் தாமாக இறங்குகின்றன. விரல் பாப்ளினில் இருந்து கேம்ப்ரிக்குக்குப் போகிறது. கேம்ப்ரிக் மெல்லியது. குளிர்ச்சி.

*

இன்னொரு கடை. மூன்று தளம், ஏசி. இங்கே பின்னாலேயே வருகிறார்கள். ஒரு துணியில் கை வைத்தால் அதே ரகத்தில் ஐந்து மேசையில் விழுகிறது. நின்றால் நிற்கிறார்கள். நடந்தால் நடக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் காலடி கேட்கும்போது கண்ணுக்கு நிறம் தெரிவதில்லை.

அவர்கள் வரத்தான் வேண்டியிருக்கிறது. மேலே கேமரா. பில்லில் விற்றவரின் பெயர் இல்லை, எண் இருக்கிறது. மாதக் கடைசியில் அந்த எண்ணை வைத்துத்தான் கணக்கு.

*

ஃபேன் சத்தம். யாரோ துணித் தானை உருட்டுகிறார்கள்.

*

தான் மேசையில் புரண்டு விழுகிறது. தப். தப். தப். ஒவ்வொரு புரளலுக்கும் துணி அவிழ்கிறது. மீட்டர் கம்பியின் மேல் ஓடி, கட்டைவிரல் பிடித்த இடத்தில் நிற்கிறது. ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு. பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கிறார்.

கண்ணை மூடிக்கொண்டால் எந்தத் துணி என்று சொல்லிவிடலாம். பருத்தி உரக்கக் கிழிகிறது, ஒரே மூச்சில். பாலியெஸ்டர் கலந்தது சற்று முரண்டு பிடிக்கிறது. ஷிஃபானில் சத்தமே இல்லை. அதைக் கிழிப்பதில்லை, கத்தரியைத்தான் ஓட்டுகிறார்கள்.

கிழிசல் ஓர் ஊடை இழையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நேராகப் போகிறது. கத்தரி கோணும். இழை கோணாது.

காற்றில் துணித்தூசி. வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் தெரிகிறது.

*

அளவு முடிகிற இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளிக் கத்தரி வைக்கிறார். யாரும் கேட்கவில்லை. பில்லில் அது ஏறாது.

சில கடைகளில் அந்த விரலுக்கு இந்தப் பக்கம் வெட்டுகிறார்கள். அதுவும் பில்லில் ஏறாது. தைக்கும்போது கை உள்சுற்றில் தெரியும்.

*

பிளவுஸுக்கு, பன்னா முப்பத்தாறு என்றால் ஒரு மீட்டர். நாற்பத்து நாலு என்றால் எண்பது சென்டி போதும். அகலம் அங்குலத்தில், நீளம் மீட்டரில். ஒரே துணிக்கு இரண்டு கணக்கு. ஒருவரும் குழம்புவதில்லை.

வயதான ஒருவர் "முக்கா கஜம் குடுப்பா" என்கிறார். கடைப்பையன் மறுபேச்சில்லாமல் எழுபது சென்டி அளக்கிறான். முக்கால் கஜம் என்பது அறுபத்தெட்டரை சென்டிக்குச் சற்று மேல்.

*

ஒரு பெண் பையிலிருந்து சேலையை எடுத்து மேசையில் வைக்கிறார். மேட்சிங் பிளவுஸ் பிட் வேண்டும்.

சுவர் முழுக்க டூ பை டூ ரூபியா, நிறவாரியாக அடுக்கியிருக்கிறது. பச்சைக்கு மட்டும் இரண்டு தட்டு. கிளிப்பச்சை, ராமர் பச்சை, பாட்டில் பச்சை. நடுவில் யாரும் பெயர் வைக்காத பச்சைகள்.

விற்கிற பெண் சேலையைப் பார்க்கிறாள். சுவரைப் பார்க்கிறாள். கை யோசிக்காமல் நாலாவது வரிசைக்குப் போகிறது. ஒன்றை உருவி சேலையின் மேல் வைக்கிறாள். தலை லேசாக அசைகிறது, இல்லை. இன்னொன்று. இது கிட்ட. இன்னொன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொள்கிறாள்.

பேச்சில்லை. இரண்டு பெண்கள் ஒரு பச்சையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"வெளிய வெளிச்சத்துல வச்சுப் பாத்துருங்கக்கா."

வாசலுக்குப் போகிறார்கள். டியூப்லைட்டில் ஒன்றாக இருந்த இரண்டு பச்சை வெயிலில் பிரிந்துவிடுகிறது. ஒன்றில் நீலம் தெரிகிறது. சேலைக்கு ஏறிய சாயம் வேறு, பிட்டுக்கு ஏறிய சாயம் வேறு. வெளிச்சத்தில் எதை எடுத்துக்கொண்டு எதைத் திருப்பித் தருவது என்று ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு வழக்கம். ஒரு விளக்கின் அடியில் ஒத்துப்போகிறவை இன்னொன்றின் அடியில் ஒத்துப்போக வேண்டியதில்லை. கடையில் யாரும் இதை இப்படியெல்லாம் விளக்குவதில்லை. வாசலுக்குப் போகச் சொல்கிறார்கள்.

திரும்ப உள்ளே. வேறு ஒன்று. திரும்ப வாசல்.

அலுப்பு இருக்கலாம். முகத்தில் இல்லை.

*

நூல் கவுண்டர். ரீல்கள் நின்ற நிலையில், கண்ணாடிக்குள்.

கடை அம்மா ரீலைத் துணியோடு ஒட்டிப் பார்ப்பதில்லை. நுனியைப் பிடித்து ஒரு சாண் இழுத்து, அந்தத் தனி இழையைத் துணியின் மேல் கிடத்துகிறார். ரீலில் சுற்றியிருக்கும்போது அடர்ந்து தெரிந்த நிறம் தனி இழையில் வெளுக்கிறது. துணியை விட ஒரு மாத்து அடர்ந்த ரீலாக எடுத்துக் கொடுக்கிறார்.

அடுத்து வருகிற சிறுமியிடமும் அதையேதான் செய்கிறார். பத்து ரூபாய் வியாபாரம்.

*

"எம்.எஸ். ப்ளூ இருக்காம்மா?"

கேட்டவருக்கு எழுபது இருக்கும். கடைப்பெண்ணுக்கு இருபது. அவள் தயங்காமல் தட்டிலிருந்து உருவுகிறாள்.

அந்த நீலத்தைக் கட்டிக்கொண்டு பாடியவர் பிறந்தது இங்கிருந்து நடக்கிற தூரத்தில், அனுமந்தராயன் கோயில் தெருவில், 1916இல். கடைப்பெண்ணுக்கு அது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். நிறம் தெரிகிறது.

*

"ஃபால்ஸ நனைச்சு, காயவச்சு, இஸ்திரி போட்டுத் தைக்கச் சொல்லுங்க. இல்லன்னா மொத தடவ அலசும்போதே சேல சுருக்கு விழும்."

இதை வருகிற எல்லோரிடமும் சொல்கிறார். அதே குரல், அதே வேகம். பாதிப் பேர் கேட்பதில்லை. சொல்கிறார்.

*

ஒரு கணவர், தனியாக. ஃபோன் காதில். "அரக்கா, மெரூனா? ரெண்டும் ஒண்ணுதானடி." அந்தப் பக்கத்திலிருந்து நீண்ட பதில். கடைப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஃபோன இங்க குடுங்கண்ணே" என்று வாங்கிப் பேசுகிறாள். சேலையின் பார்டர் என்ன, உடம்பு என்ன, சரிகை இருக்கிறதா. நாலு கேள்வி. ஃபோனைத் திருப்பிக் கொடுக்கிறாள். பிட் மேசைக்கு வந்துவிட்டது.

அவர் முகத்தில் நிம்மதி.

*

மழை வரும் போலிருக்கிறது. வெளியே நிறங்கள் ஒரு படி இறங்குகின்றன.

*

நூலும் மணியும் விற்கிற சின்னக் கடை. ஆரி வேலைச் சாமான்கள். ஆறு பேர் நின்றால் நிறைந்துவிடும்.

சமிக்கி, சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், ஜர்தோசி, குந்தன் கல். எல்லாம் பொட்டலத்தில், கிராம் கணக்கு. தராசின் தட்டு உள்ளங்கை அகலம். பத்து கிராம் மணி விழும்போது எண் ஏறுகிறது. எட்டு, ஒன்பது. கடைசி ஒரு கிராமுக்கு விரல் நுனியால் தட்டுகிறார். மணி ஒவ்வொன்றாகக் குதிக்கிறது. பத்துக்கு மேல் இரண்டு மூன்று விழுந்தால் திருப்பி எடுப்பதில்லை.

கல்லூரிப் பெண் ஒருத்தி ஃபோனில் படத்தைக் காட்டுகிறாள். கல்யாணப் பிளவுஸ், கை முழுக்க வேலை. "இதே மாதிரி பண்ணணும்."

கடைக்காரம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். நேரம் எடுத்துக்கொள்கிறார்.

"இப்பத்தான் கத்துக்கிறியாம்மா?"

"ஆமாக்கா."

"அப்ப இது வேணாம். இந்தத் தங்கக் கலரு வேர்வ பட்டா கருத்துரும். இத எடு, வெல கம்மி. கை பழகட்டும்."

அந்தப் பெண்ணுக்கு ஏமாற்றம். பிறகு இல்லை.

*

பட்டன் பெட்டிகள். ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருப்பதில் ஒன்று தைத்திருக்கிறது. கூரை வரை பெட்டி. பெரியவர் ஏணியில் ஏறாமல் குச்சியால் ஒன்றைத் தள்ளி, விழும்போது பிடிக்கிறார்.

உடைந்த பட்டனோடு ஒருவர் வந்திருக்கிறார். ஒரே ஒரு பட்டன். பெரியவர் அதை விரலிடுக்கில் உருட்டிப் பார்க்கிறார். வெகுநேரம் தேடுகிறார். கிடைக்கிறது. இரண்டு ரூபாய்.

*

ஒரு கடையின் சுவரில்: விற்ற துணி, கிழித்த துணி திரும்பப் பெறப்பட மாட்டாது. சிவப்பு எழுத்து.

பலகையின் கீழே ஒரு பெண் நிற்கிறார். சுடிதார்த் துணி. நடுவில் நெசவு விட்டுப்போய் விரல் நுழைகிற ஓட்டை. முந்தாநாள் வாங்கியது, பில் கையில் இருக்கிறது.

"கிழிச்சதம்மா. எப்படிம்மா எடுக்கிறது?"

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள். போடாவிட்டால் முப்பது நாள். பலகை சுவரில் இருப்பதால் சட்டம் மாறிவிடாது. இதை அந்தப் பெண்ணும் சொல்லவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை.

அவர் துணியைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடிக்கிறார். ஓட்டை வழியாக வெளிச்சம் வருகிறது. இருவரும் அதைப் பார்க்கிறார்கள்.

"வேற பீஸ் எடுத்துக்கங்க" என்கிறார் கடைசியில். குரலில் தாராளம் இருக்கிறது. அது தேவையில்லாதது.

*

மதியம். இரண்டு பேர் வேகமாக உள்ளே வருகிறார்கள். ஒருவர் சட்டையில் மாலை நார் ஒட்டியிருக்கிறது. மூத்தவர் குரலைத் தாழ்த்தி, "கோடி எடுக்கணும்" என்கிறார்.

கடைக்காரர் எழுந்து நிற்கிறார். வாங்க என்று சொல்லவில்லை. உட்காருங்க என்று சொல்லவில்லை.

"யாருக்கு?"

"அம்மாவுக்கு."

"ஐயா இருக்காங்களா?"

"இருக்காரு."

அரக்கு நிறத்தில் ஒரு நூல் சேலை மேசைக்கு வருகிறது. ஒன்றே ஒன்று. பிரித்துக் காட்டவில்லை. முந்தானை எப்படி என்று யாரும் கேட்கவில்லை. சாயம் போகுமா என்று கேட்கவில்லை. விலையை வாயால் சொல்லாமல் துண்டுச் சீட்டில் எழுதி நகர்த்துகிறார். மேசைக்கு அடியில் கையை விட்டு வெகுநேரம் எதையோ தேடுகிறார். அச்சில்லாத ஒரு பை. கடைப்பையில் நன்றி, மீண்டும் வருக என்று போட்டிருக்கிறது.

பணம் கைமாறுகிறது. போயிட்டு வர்றோம் என்று அவர்கள் சொல்லவில்லை. இவரும் தலையை மட்டும் அசைக்கிறார்.

அடுத்து நிற்கிற பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு லேஸ் கேட்கிறார்.

*

ஃபேன் காற்றில் சேலை முனை ஒன்று தூக்குகிறது, படிகிறது.

*

மேல மாசி வீதி. காந்தி தங்கியிருந்த வீடு. 1921 செப்டம்பர் 22 அன்று, மேலாடையை விட்டு அரை வேட்டிக்கு மாறி அவர் வெளியே வந்த இடம். கீழே காதித் துணிக் கடை நடக்கிறது.

துணியைக் குறைத்துக்கொண்டவரின் வீட்டில் துணி விற்கிறார்கள். இதில் ஒன்றும் முரண் இல்லை என்று ஒரு கணம் தோன்றுகிறது. மறுகணம் இருக்கிறது.

கதர் கைக்கு முரடாக இருக்கிறது. இழையில் தடிப்பும் மெலிவும். ஒரு முறை அலசினால் இளகிவிடும் என்கிறார்கள். இன்னும் இரண்டு அலசலில் இன்னும் இளகும்.

*

கோ-ஆப்டெக்ஸ். 1935இல் நெசவாளர் கூட்டுறவாகத் தொடங்கியது. சேலையோடு ஓர் அட்டை தொங்குகிறது, நெய்தவரின் படத்தோடு. நேராக கேமராவைப் பார்க்கிற முகம். சிரிக்கவில்லை.

சேலையை எடுத்துக் காட்டுகிறவரின் முகம் இரண்டடி தூரத்தில் இருக்கிறது. கண் அட்டையைத்தான் பார்க்கிறது.

*

புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டியது, மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே. தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்கள் ஓடிய காலம் கண்ணில் நிற்கிறது. ஒரு பக்கம் துணிக்கடை, இன்னொரு பக்கம் புத்தகம், பாத்திரம், வளையல். துணியை எடுத்து அங்கேயே கொடுத்தால் ஊர் சுற்றிவிட்டு வருவதற்குள் தைத்திருப்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் காட்டி, இதே மாதிரி இன்னொன்று என்பார்கள். அதே மாதிரி இன்னொன்று வரும்.

இப்போது கடைகள் அங்கே இல்லை. குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. மண்டபத்தில் சிலைகளின் முகம் நன்றாகத் தெரிகிறது. நல்லதுதான். மெஷின் எண்ணெய் வாசனை இல்லை.

*

பெரிய கடையின் பட்டுத் தளம். பழைய கடைகளில் இங்கே மெத்தை விரித்து வெள்ளைத் துணி போர்த்தியிருக்கும். வாங்குகிறவர்கள் சம்மணம் போட்டு உட்கார, எதிரே விற்கிறவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து சேலையை வீசி விரிப்பார். கண்கள் ஒரே உயரத்தில் இருக்கும். இன்னும் சில கடைகளில் அப்படி இருக்கிறது.

மற்ற இடங்களில் மேசை வந்துவிட்டது. வாங்குகிறவர்களுக்கு ஸ்டூல். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

*

கணவன்மார்களுக்கு என்று சுவரோரம் நாற்காலி வரிசை. நான்கு பேர். மடியில் பைகள். ஒருவர் வாய் திறந்து தூங்குகிறார். அவருக்கு நேர் எதிரே ஒரு பெண் காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கிறாள். இடது. வலது. இடது.

*

அவள் தரையில் செருப்பில்லாமல் நிற்கிறாள். டைல்ஸ் குளிர். சீருடைச் சேலை, கழுத்தில் அட்டை. ஆள் இல்லாத நேரத்தில் இடுப்பை மேசை விளிம்பில் சாய்க்கிறாள். மேற்பார்வையாளர் வருகிற திசையில் ஒரு கண். அவர் வந்ததும் சாய்ந்த இடம் நிமிர்கிறது.

சாயங்காலம் ஏழு மணிக்குக் கெண்டைக்கால் கல்லாகிவிடும் என்று ஒரு பெண் சொல்கிறாள், நூலைச் சுற்றிக்கொண்டே. நரம்பு சுருட்டிக்கொண்டதைக் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சொன்னது போதும் என்று நினைக்கிறாள்.

*

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் உட்கார இடம் கேட்டுப் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. அதற்கு முன்பே, 2010இல், இங்கே வசந்தபாலன் 'அங்காடித் தெரு' படம் எடுத்திருந்தார். ஊரே பார்த்தது. பார்த்துவிட்டு, தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனது.

2021இல் தமிழ்நாடும் திருத்தியது. 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு. எல்லாப் பணியாளருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைநேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும்படி வைக்கக் கூடாது.

இந்தத் தளத்தில் மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறது. அதன் மேல் ஒரு துணித் தானை வைத்திருக்கிறார்கள்.

*

மீட்டர் கம்பியின் முனையில் முத்திரை. தேய்ந்திருக்கிறது, தடவினால் விரலுக்குத் தெரிகிறது. அளவு சரிதானா என்று பார்த்து முத்திரை வைப்பது தொழிலாளர் துறை. ஸ்டூல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதும் அதே துறைதான்.

கம்பி சரியாக இருக்கிறது.

*

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. குரல்கள் ஒன்றன் மேல் ஒன்று. எது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. கடைப்பெண்ணின் தொண்டை கட்டிவிட்டது. சைகையால் கேட்கிறாள்: என்ன நிறம், எத்தனை. நாலு விரல் காட்டினால் நாலு.

சைகையில் வியாபாரம் சுத்தமாக நடக்கிறது.

*

கூட்டம் போன பிறகு. மேசையில் பிரித்துப் போட்ட சேலைகளின் குவியல். யாரும் எடுக்காதவை. ஒரு பெண் மடிக்கத் தொடங்குகிறாள். சேலைக்குப் பழைய மடிப்பு நினைவிருக்கிறது. விரல் அதைத் தேடிக் கண்டுபிடித்து அதன் வழியே போகிறது. எதிர்முனையைப் பிடிக்க இன்னொருத்தி வருகிறாள். இருவரும் கிட்ட வருகிறார்கள், விலகுகிறார்கள், கிட்ட வருகிறார்கள்.

நான் பிரித்துப் பார்த்ததும் அதில் இருக்கிறது. நீலம். அதை மடிக்கும்போது அவள் கை மற்றவற்றை மடிக்கிற அதே வேகத்தில்தான் போகிறது.

*

பில் ஓர் இடம். பணம் ஓர் இடம். துணி ஓர் இடம். வாசலில் காவலர் பில்லில் ஓட்டை போடுகிறார். அவர் பைக்குள் பார்ப்பதில்லை.

*

சின்னக் கடையில் பணம் வந்ததை ஸ்பீக்கர் சொல்கிறது. இருபத்தேழு ரூபாய் பெறப்பட்டது. பெண் குரல். ஸ்பீக்கர் வருவதற்கு முன் மூன்று ரூபாய் சில்லறைக்கு ஊக்கு அட்டை கொடுப்பார்கள். வீட்டில் ஊக்குக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

*

2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் பை இல்லை. மஞ்சப்பை திரும்பி வந்திருக்கிறது. காது தோளில் உறுத்துகிறது.

*

நல்ல கடை எது என்று யோசித்தால் பெயர் வருவதில்லை. ஒரு கை வருகிறது. தனி இழையைத் துணி மேல் கிடத்துகிற கை. அச்சில்லாத பையைத் தேடுகிற கை. முகம் சரியாக நினைவில்லை. இது சரியில்லை என்றும் தோன்றுகிறது.

*

எட்டரை மணி. ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. குனிந்து ஒரு பெண் உள்ளே வருகிறார்.

"ஒரே ஒரு ரீல்தாங்க. காலையில டெலிவரி குடுக்கணும்."

அணைத்த விளக்கை மறுபடி போடுகிறார்கள். டியூப்லைட் இரண்டு முறை துடித்துவிட்டு எரிகிறது. அவர் ஃபோனை எடுத்துத் துணியின் படத்தைக் காட்டுகிறார். கடை அம்மா படத்தைப் பார்க்கிறார். ரீல்களைப் பார்க்கிறார்.

"துணி கொண்டாரலயா?"

"வீட்ல இருக்கு."

"காலையில ஒம்பதரைக்கே தொறந்துருவேன். துணியோட வாங்க."

அவர் விற்கவில்லை.

*

மேட்சிங் எடுக்கப் போகிறவர்கள் துணியின் ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் வெட்டிக்கொண்டு போக வேண்டும். ஃபோனில் எடுத்த படம் போதாது. பகலில் போவது நல்லது. ஆறரைக்கு மேல் வாசலிலும் டியூப்லைட்தான்.